மகளிரியல் நடந்து வந்த வழி

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உழைக்கும் பெண்கள் ஏறக்குறைய 6 கோடிப் பேர். பத்தே ஆண்டில், 1971 கணக்கில், அது 3 கோடி சொச்சமாகச் சுருங்கிப்போனது. இடைப்பட்ட காலத்தில் பெண்கள் யாரும் களையெடுப்பதை நிறுத்திவிடவில்லை. நாற்று நடுவதையும் தீப்பெட்டி ஒட்டுவதையும் விட்டுவிடவில்லை. கணக்கெடுக்க வந்தவர் கேட்ட கேள்வி மாறியிருந்தது, அவ்வளவுதான். 1961-இல் நாளில் கொஞ்ச நேரம் வேலை பார்த்தவரைக்கூட உழைப்பாளி என்று எழுதிக்கொண்டார்கள். 1971-இல் 'முதன்மையாக என்ன வேலை பார்க்கிறீர்கள்' என்று கேட்டார்கள். வீட்டு வேலைதான் முதன்மை என்று சொன்ன கோடிக்கணக்கான பெண்கள் உழைப்பாளர் பட்டியலிலிருந்து உதிர்ந்துபோனார்கள்.

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணை மாதிரி ஒரு கரிசல் ஊரில் அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சிரமமில்லை. திண்ணையில் மைதாப் பசைக் கிண்ணம். பக்கத்தில் நீலத்தாள் கட்டு. ஒட்டி முடித்த பெட்டிகள் முற்றத்து வெயிலில் காய்கின்றன. பேரேட்டோடு வந்த வாத்தியார் கேட்கிறார். "வேலைக்கெல்லாம் போகல சார், வீட்லதான் இருக்கேன்" என்கிறார் அந்தப் பெண், கை நிற்காமல். வாத்தியாரும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். கூலிக்குப் பெட்டி கொடுத்து வாங்குகிறவரின் நோட்டில் அவள் பெயர் இருக்கும். நாட்டின் கணக்கில் இருக்காது.

மகளிரியல் என்று இன்று பல்கலைக்கழகங்கள் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் பாடம் இந்தியாவில் கால் முளைத்து நடக்கத் தொடங்கியது இப்படிப்பட்ட விடுபடல்களிலிருந்துதான். அது எங்கெங்கே தங்கி, யார் யார் கைமாறி, எந்த ஊர் வரை வந்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அது வந்து சேர வேண்டிய ஊர்களில் ஏழாயிரம்பண்ணை முக்கியமானது.

அதே 1971 செப்டம்பரில் மத்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைத்தது. பெண்களின் நிலை பற்றி நாடுகள் அறிக்கை தர வேண்டும் என்று ஐ.நா. கேட்டிருந்ததால் தொடங்கிய வேலை அது. புல்ரேணு குஹா தலைவர். சட்டப் பேராசிரியர் லோதிகா சர்க்கார் உறுப்பினர். பாதி வழியில் உறுப்பினர்-செயலராக வந்து சேர்ந்தவர் வீணா மஜும்தார். மாநிலம் மாநிலமாகப் போய்ப் பெண்களைச் சந்தித்தார்கள். 1974 முடியும் தருவாயில் 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கையைக் கொடுத்தார்கள். 1901-இல் 1000 ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில் 1971-இல் 930 பேர்தான் இருக்கிறார்கள் என்று அந்த அறிக்கை எடுத்துக்காட்டியபோது, படித்த வர்க்கம் அதிர்ந்தது. அரசியல் சட்டம் சமத்துவம் தந்துவிட்டது, இனி எல்லாம் தானாக நடக்கும் என்று நம்பியிருந்தவர்கள் குழுவிலேயே இருந்தார்கள். தாங்கள் படித்த பொருளாதாரத்திலும் வரலாற்றிலும் சட்டத்திலும் இந்த நிலைமை எங்கேயும் எழுதப்படவில்லையே என்ற கேள்வி அவர்களை விடவில்லை. வீணா மஜும்தார் கடைசிவரை அந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தார்.

அமெரிக்காவில் இதே பாடம் பிறந்த விதம் வேறு. 1970-இல் சான் டியாகோ மாநிலக் கல்லூரியில் மாணவிகளும் ஆசிரியைகளும் போராடிக் கேட்டு வாங்கினார்கள். அங்கே அது வகுப்பறையில் பிறந்தது. இங்கே ஓர் அரசு அறிக்கையில் பிறந்தது.

ஆனால் கேள்விகள் நம் மண்ணுக்குப் புதிதா என்றால், இல்லை. 1929 செங்கல்பட்டு மாநாட்டிலேயே சுயமரியாதை இயக்கம் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1931-இல் விருதுநகரில் மாநாடு கூடியபோது அதையொட்டிப் பெண்கள் மாநாடும் நடந்தது. இந்திராணி பாலசுப்ரமணியம் தலைமை வகித்தார். ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில், பாடம் பிறப்பதற்கு நாற்பது வருடத்துக்கு முன்னால், பெண்கள் மேடையேறித் திருமணத்தையும் சொத்தையும் கல்வியையும் பேசியிருக்கிறார்கள். கட்டபொம்மன் பக்கம் நின்றதற்காக 1799-இல் ஏழாயிரம்பண்ணைப் பாளையம் பறிபோன கதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். 1931 கதை தெரியாது. யாரும் சொல்லித்தரவில்லை.

அறிக்கைக்குப் பிறகு பாடத்தின் பயணம் வேகமெடுத்தது. மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் முன்னின்று 1974-இலேயே ஓர் ஆய்வுப் பிரிவு தொடங்கினார். 1976-இல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு பெண்கள் ஆய்வுக்கென்று தனித் திட்டம் வகுத்தது. 1980-இல் டெல்லியில் பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையம். 1981 ஏப்ரலில் எஸ்.என்.டி.டி.யிலேயே முதல் தேசிய மாநாடு. அடுத்த ஆண்டு இந்திய மகளிரியல் சங்கம் உருவானது.

அந்த மாநாட்டில் எடுத்த நிலைப்பாடு ஒன்று இன்றுவரை நம் கல்லூரிகளைப் பாதிக்கிறது. மகளிரியலைத் தனிப் பாடமாக ஒரு மூலையில் உட்கார வைக்கக் கூடாது, எல்லாப் பாடங்களுக்குள்ளும் அது நுழைய வேண்டும் என்று முன்னோடிகள் விரும்பினார்கள். பொருளாதாரம் படிப்பவன் வீட்டு உழைப்பைப் பற்றிப் படிக்க வேண்டும். வரலாறு படிப்பவள் ராணிகளோடு நிற்காமல் கூலிப் பெண்களையும் படிக்க வேண்டும். உயர்ந்த எண்ணம். தனித்துறை என்று ஒதுக்கிவிட்டால் மற்ற துறைகள் கைகழுவிவிடும் என்ற அவர்கள் அச்சம் நியாயமானது. 1986 தேசியக் கல்விக் கொள்கை பெண் சமத்துவத்துக்குக் கல்வியைக் கருவியாக்க வேண்டும் என்று சொன்னதும், பல்கலைக்கழக மானியக் குழு மகளிரியல் மையங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் வந்தன. துறைகள் அல்ல, மையங்கள். ஐந்தாண்டுத் திட்டப் பணத்தில் ஓடியவை. 2017-இல் பன்னிரண்டாம் திட்டம் முடிந்தபோது அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று அவற்றில் வேலை பார்த்தவர்கள் கவலைப்பட வேண்டியிருந்தது.

நாற்பது வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது என் கருத்து இது: எல்லாப் பாடங்களுக்குள்ளும் நுழைவது என்ற கனவு பெருநகரப் பல்கலைக்கழகங்களில் ஓரளவு பலித்தது. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி பக்கத்துக் கல்லூரிகளில் பி.காம். படிக்கும் பெண் மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அதைச் சந்திக்காமல் பட்டம் வாங்கிவிட முடிகிறது. தனிப் பாடமாகவும் வரவில்லை, மற்றப் பாடங்களுக்குள்ளும் வரவில்லை. இரண்டும் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் முதலில் மலை ஏறியது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்தது. பெண்களைப் பற்றிய ஆய்வு அதன் முதன்மை நோக்கங்களில் ஒன்று. பிறகு காரைக்குடி அழகப்பா, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் மகளிரியல் துறைகள் வந்தன. முதுகலை, எம்.ஃபில்., முனைவர் பட்டம் என்று மேல்தட்டிலேயே வளர்ந்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் இளங்கலை இறுதியாண்டில் பாலினக் கல்வி ஒரு சிறு தாளாக, ஒற்றை கிரெடிட்டோடு சேர்க்கப்பட்டது. வளாகங்களில் பெண்களின் பாதுகாப்பை ஆராய்ந்த மானியக் குழுவின் 'சாக்‌ஷம்' குழு 2013-இல் பாலின உணர்வூட்டல் எல்லாக் கல்லூரிகளுக்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மூன்று வருடம் முழுதாக இதையே முதன்மைப் பாடமாக எடுத்துப் படிப்பது என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேள்விப்படாத விஷயமாகவே இருக்கிறது.

அந்தப் பாடம் எதைப் படிக்க வேண்டுமோ அது ஏழாயிரம்பண்ணையைச் சுற்றித்தான் கொட்டிக் கிடக்கிறது.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பிறகு இந்த வறண்ட பூமியில் தீப்பெட்டி ஆபீஸ்கள் வந்தன; அவற்றோடு பயர் ஆபீஸ்கள், அதாவது பட்டாசு ஆலைகள். ஒரு தீக்குச்சி மருந்தில் முங்குவதற்கு முன் எத்தனை பெண் விரல்களைத் தாண்டி வந்தது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய மரச் சட்டங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி. குச்சிகளைக் கைநிறைய அள்ளி, தட்டி, நேராக்கி, சட்டத்தில் விரவி, விடுபட்ட பள்ளத்தை விரல் நுனியால் நிரப்பி, அதன் மேல் அடுத்த சட்டத்தை வைத்து, அடுக்கு முழுசானதும் இறுக்கிக் கட்ட வேண்டும். இதைத்தான் கட்டை அடுக்குவது என்பார்கள். காது ஒருபக்கம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க, விரல்கள் தாமாகவே ஓடும். எத்தனை கட்டையோ அத்தனைக்குத்தான் கூலி. ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்கும் மாதவிலக்கில் சுருண்டு கிடந்த நாளுக்கும் கட்டை இல்லை, கூலியும் இல்லை. இயந்திரம் வந்த இடங்களில் அந்த விரல்களுக்கான வேலை குறைந்தது.

1982-இல் மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் ஆந்திரத்தின் நரசாபுரத்தில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் லேஸை நாளெல்லாம் பின்னிய அந்தப் பெண்கள் தங்களை இல்லத்தரசிகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். வணிகர்களும் அவர்களை ஓய்வு நேரத்தில் ஏதோ செய்பவர்களாகத்தான் நடத்தினார்கள். அதனால்தான் கூலியை அவ்வளவு கீழே வைக்க முடிந்தது. உலகம் முழுக்க மகளிரியல் வகுப்புகளில் இன்றும் படிக்கப்படும் நூல் அது. நரசாபுரத்தில் லேஸ் என்றால் இங்கே தீப்பெட்டி. நம் பெண்களைப் பற்றிய அப்படி ஒரு நூலை நம் பெண்ணே எழுதியிருக்க வேண்டும்.

சிவகாசியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பது உண்மை. 1983-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் படும் பாட்டை நாட்டின் முன் வைத்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அபாயத் தொழிலில் குழந்தையை வைத்திருந்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். எழுத்தாளர் பூமணி இதைப் பற்றியே 'கருவேலம்பூக்கள்' படம் எடுத்தார். அந்தப் போராட்டம் வென்றது பெரிய காரியம்; அதனால்தான் இன்று இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள் என்பதைத் தனியாக நிறுத்தி யோசித்தவர்கள் குறைவு. தம்பி பள்ளிக்கும் அக்கா ஆபீஸுக்கும் ஏன் போனார்கள்? அவள் சம்பாதித்தது யார் படிப்புக்குப் போனது, அவள் கல்யாணச் செலவுக்கு எவ்வளவு சேர்ந்தது? இவை வீட்டுக்குள் நடந்த கணக்குகள். மகளிரியல் கேட்கக் கற்றுத்தருவது இவற்றைத்தான்.

அந்த அக்காக்களின் மகள்கள் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள். விருதுநகர் வி.வி.வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரி 1962-இலும், சிவகாசியில் பட்டாசு நிறுவனத்தின் பெயரையே தாங்கிய ஸ்டாண்டர்டு பயர் ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968-இலும் தொடங்கியவை. ஊரில் பெண்கள் பயர் ஆபீஸுக்குப் போன அதே காலத்தில் அதே தொழிலின் செல்வத்தில் எழுந்த மகளிர் கல்லூரி. இன்று அந்தத் தொழிலாளியின் மகளும் அந்தப் படியேறுகிறாள். இதை நான் மதிக்கிறேன்.

அரசாங்கப் பணமும் ஒரு பயணம் போயிருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். 1936-இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவர். அவர் பெயரில் 1989-இல் வந்தது திருமண உதவித் திட்டம். எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 5 முதல் அதே அம்மையார் பெயரிலான திட்டம் 'புதுமைப் பெண்' ஆகிவிட்டது: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். கல்யாண மண்டபத்துக்குப் போன பணம் கல்லூரி வாசலுக்குத் திரும்பியிருக்கிறது. தமிழ்நாட்டில் பெண் பற்றிய சிந்தனை முப்பது வருடத்தில் எங்கிருந்து எங்கே வந்தது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அதை வாங்கும் பெண்களுக்கே அந்த வரலாற்றை எந்த வகுப்பும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பத்திரிகை படிப்பவர்களுக்கு ஏழாயிரம்பண்ணை ஒரு காவல் நிலையத்தின் பெயராகத்தான் பழக்கம். உராய்வு காரணமாக வெடிவிபத்து, இத்தனை பேர் பலி, ஏழாயிரம்பண்ணை போலீசார் வழக்குப் பதிவு. 2021 பிப்ரவரி 12 அன்று பக்கத்து அச்சன்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில் வேறு வேறு ஆட்களிடம். இறந்தவர்களில் கல்லூரி மாணவியும் ஒருவர். படிப்புக்கும் ஆலைக்கும் இடையில் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் எவ்வளவு நெருக்கத்தில் வாழ்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பி.ஏ. மகளிரியல் என்று ஒரு படிப்பு சாத்தூரிலோ சிவகாசியிலோ வந்தால் அதில் என்ன படிப்பார்கள்? பட்டாசுத் தடையைத்தான் முதலில் படிக்க வேண்டும். 2018-இலும் 2021-இலும் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை விதித்தது. டெல்லியின் காற்றைக் காக்க எழுந்த வழக்கு அது. காற்றைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் சரம் பின்னுவது இங்கே பெண்களின் கைவேலை. அந்தத் தீர்ப்புகளுக்குப் பிறகு யார் கூலி போனது, அவர்கள் எந்த வேலைக்கு நகர்ந்தார்கள், வீட்டுக்குள் பட்டாசுக்கான கருந்திரி உருட்டும் சட்டவிரோத வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள் எத்தனை பேர்? வழக்கு வந்தால் கைதாகும் பெண்ணின் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்? ஓர் ஆண்டு முழுக்கக் களத்தில் நின்று படிக்க வேண்டிய பாடம் இது.

கணக்கும் படிக்க வேண்டும். 1971-இல் விடுபட்ட பெண்ணை மீண்டும் எண்ண வைத்தது இந்தப் பாடத்தின் மிகப் பெரிய சாதனை. ஆய்வாளர்கள் விடாமல் வாதாடியதால் 1991 கணக்கெடுப்பில் கூலியில்லாத வயல் வேலையும் குடும்பத் தொழில் வேலையும் சேர்த்துக் கேட்கப்பட்டன. 1998-99-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முதல் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. 2019-இல் நாடு முழுக்க நடந்த ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுவதும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதும் தெரியவந்தன. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்ததன் பின்னால் இந்த நீண்ட வாதமும் இருக்கிறது.

வேலை கிடைக்குமா என்றுதான் அப்பாக்கள் கேட்பார்கள். பி.எட். உண்டா, கம்பெனி உண்டா என்று. கேட்பதில் தப்பில்லை, மூன்று வருடக் கூலியைக் கொட்டிப் படிக்க வைக்கிறவர்கள் அவர்கள். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் விஷயம் தெரிந்த வெளி உறுப்பினர் ஒருவர் இருந்தாக வேண்டும். இந்த மாவட்டத்தில் உள்ள ஆயிரக்கணக்கான தீப்பெட்டி, பட்டாசு, அச்சு நிறுவனங்களை எண்ணிப் பாருங்கள். அந்த வெளி உறுப்பினர்கள் எங்கிருந்து வருவார்கள்? மகளிர் திட்டத்தின் சுய உதவிக் குழுக்கள், ஒருங்கிணைந்த சேவை மையங்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, 181 உதவி எண், தொழிலாளர் துறை எல்லாம் இந்தப் படிப்புக்குப் பொருத்தமான வேலையிடங்கள். இப்போது அங்கே போகிறவர்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இவற்றைக் கற்றுக்கொள்கிறார்கள்.

பொம்பளைப் பிள்ளைகளுக்கு மட்டுமா என்று கேட்டால், பையன்களும் படிக்கட்டும். மருந்து கலக்கும் அறைக்குள் உயிரைப் பணயம் வைப்பது ஏன் ஆணின் கடமையாக இருக்கிறது என்பதும் இந்தப் பாடத்தின் கேள்விதான்.

விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரிகள் பல தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டக் குழுவைக் கூட்டிப் பாடம் வகுக்கும் அதிகாரம் அவற்றிடம் இருக்கிறது. புதிய பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் அரசின் அனுமதியும் கேட்டு விண்ணப்பிக்கவும் முடியும். அந்தக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களிடம் கேட்கிறேன்: முழுப் பட்டம் உடனே முடியாவிட்டால் நான்கு தாள்கள் கொண்ட விருப்பப் பாடமாகவாவது தொடங்குங்கள். தமிழிலேயே நடத்துங்கள். முதல் களப்பணிக்கு மாணவிகளைத் தொலைவுக்கு அனுப்ப வேண்டாம். ஏழாயிரம்பண்ணையில் அவரவர் தெருவிலேயே உட்கார்ந்து, தன் அம்மா காலையில் எழுந்தது முதல் படுக்கும் வரை செய்த வேலையை மணிக்கணக்கோடு எழுதிவரச் சொல்லுங்கள். மதிப்பெண்ணும் அதற்கே கொடுங்கள்.